கொடுப்புக்குள் ஒரு சிவப்புத் திட்டு: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த 56 வயதுப் பெண்ணின் வாயில் ஆரம்ப நிலைப் புற்று எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நோய் இரண்டு இடங்களில் கைநழுவப் பார்த்தது. முதலில், நோ இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு, முதல் பயொப்சியின் (சிறு துணுக்கு வெட்டிச் சோதிப்பதன்) முடிவு ஆறுதலாக வந்தது. முதலாவதைப் பற்றி ஏற்கெனவே பலரும் பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனால் அந்தப் பகுதி இங்கே விரிவாக வருகிறது.

பின்னணி

அவர் விதவை. பெரும்போகத்தில் கூலிக்குக் களை பிடுங்குவார், வெட்டு முடிந்தால் களத்தில் நெல் காயவைப்பார். கலியாணம் முடித்து வந்த காலத்தில் மாமியாரோடு சேர்ந்து வெற்றிலை சப்பத் தொடங்கியவர். நாளுக்கு எட்டுப் பத்து வாய் வெற்றிலை போகும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, யாழ்ப்பாணப் புகையிலை எல்லாம் சேரும். சப்பி முடித்ததை இடது கொடுப்புக்குள் அடக்கி வைப்பார். சில இரவுகளில் அப்படியே உறங்கியும் விடுவார். புகைப்பதும் மது அருந்துவதும் இல்லை. சர்க்கரை வியாதிக்கு மெற்போர்மின் எடுத்து வந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் புகையிலையை மட்டும் நிறுத்தியிருந்தார். பாக்கைத் தொடர்ந்தார். புகையிலையை விட்டால் மிச்சம் பாதிப்பில்லாதது என்ற எண்ணம் ஊரில் பரவலாக உண்டு. அது பிழை. புகையிலை சேராத வெற்றிலைக் கலவையையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. வாயின் உட்தோலை இறுக்கி, வாய் திறப்பைக் குறைக்கும் தழும்பு நோய்க்கு முதன்மைக் காரணமும் பாக்குத்தான்.

ஏழெட்டு மாதமாகக் காரம் பட்டால் வாய் எரிந்தது. பாமசியில் வாய்ப்புண்ணுக்கென்று ஒரு ஜெல்லும் விற்றமின் மாத்திரையும் வாங்கிப் பாவித்தார். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். எரிவைச் சொன்னபோது, வாயை அகலத் திறக்கச் செய்து விளக்கடித்துப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

கண்ணில் பட்டது

மார்கழி மழைக்காலத்தில், 35 வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் கிளினிக்குக்கு வந்தார். சம்பல் சாப்பிட முடிகிறதா என்று அங்கிருந்த மருத்துவமாது கேட்டார். அவர் வெற்றிலை சப்புகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. நோ இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். காரம் பொறுக்குதா என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

“நோ ஒண்டும் இல்ல மகள். கொச்சிக்கா பட்டாத்தான் எரியும். ஆறு மாசமா வெள்ளைக் கறிதான்.”

“மூண்டு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள்ள வைங்கம்மா, பாப்பம்.”

இரண்டு விரல்தான் போயிற்று. அன்றே பிரதேச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அவரை அனுப்பினார்கள்.

பல் வைத்தியர் முதலில் செய்தது வாயைக் கழுவ வைத்தது. வெற்றிலைக் கறை படிந்த வாயில் சிவப்புத் திட்டைத் தேடுவது வீண் வேலை, கறையே சிவப்பு. இரண்டு மூன்று தடவை தண்ணீரால் கொப்பளிக்க வைத்து, ஈரத் துணிச்சுருளால் சொக்கையின் உட்புறத்தைத் துடைத்தார். பழுப்புச் செதில்கள் சில உரிந்து வந்தன. அவை வெற்றிலை சப்புவோர் வாயில் படிகிற பொருக்கு, அதனால் கவலை இல்லை. கறை போன பிறகு, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே 22 மி.மீ. நீளமும் 14 மி.மீ. அகலமுமான வெள்ளைத் திட்டு தெரிந்தது. துடைத்தால் அது போகவில்லை. பூஞ்சைப் படலமாக இருந்திருந்தால் துடைக்கையில் உரிந்து, அடியில் சிவந்த பரப்பு தெரிந்திருக்கும். சொக்கையை வெளியே இழுத்து விரித்தும் திட்டு மறையவில்லை. விரித்தால் மறையும் சாம்பல் வெண்மை பலருக்கு இயல்பாகவே இருப்பது. பின்னல் போன்ற வெண்கோடுகளும் இல்லை, வலது சொக்கையில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருந்தால் லைக்கன் பிளானஸ் என்ற தோல் அழற்சி பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளையின் பின் ஓரத்தில் 7 மி.மீ.க்கு 5 மி.மீ. அளவில், வெல்வெட் துணி போல ஒரு சிவப்புப் பகுதி. அதற்கு நேர் எதிரே உடைந்த கடைவாய்ப் பல்லின் கூர் முனை. விரலால் அழுத்தியபோது கடினம் தட்டுப்படவில்லை. அண்ணத்தின் பின்பகுதி வெளிறி, இரண்டு சொக்கைகளிலும் நார் போன்ற செங்குத்துப் பட்டிகள் கைக்குத் தட்டின. மேல், கீழ் முன் பற்களுக்கிடையே திறப்பு 27 மி.மீ.; சாதாரணமாக வளர்ந்தவர்களுக்கு 35 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நாக்கைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும், நாக்கைத் தூக்கவைத்து அடிவாயையும், முரசையும், கடைசிப் பல்லுக்குப் பின்னுள்ள மூலையையும் பார்த்தார். தாடைக்கு அடியிலும் கழுத்திலும் நெறி கட்டவில்லை.

இவ்வளவும் விளக்கு, இரண்டு கண்ணாடி, துணிச்சுருள், கையுறை, மில்லிமீற்றர் அடிமட்டம் ஆகியவற்றோடு ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. பார்த்ததை ஒரு வாய்ப்படத்தில் வரைந்து, அளவை எழுதி, கண்ணாடியால் சொக்கையை விலக்கிப் படமும் எடுத்து வைத்தார். பின்னால் காரியத்தைக் காப்பாற்றியது இந்தப் பதிவுதான்.

முதல் முடிவு: இரண்டு வாரம்

கூர்ப்பல் உராய்ந்தால் வெள்ளைத் தடிப்பும் வரும், சிவந்த புண்ணும் வரும். காரணத்தை நீக்கினால் அப்படிப்பட்ட புண் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். வாயின் உட்தோல் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதே அதற்குக் காரணம். ஆகவே பல்லின் முனையைத் தேய்த்து மழுப்பினார்கள். வெற்றிலையை முற்றாக நிறுத்தச் சொன்னார்கள். பதினான்காம் நாளுக்குத் திகதி எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லி அவரே கேட்டார். வைத்தியர் மறுத்தார். சந்தேகமான திட்டுக்குப் பக்கத்தில் பல்லைப் பிடுங்கினால், ஆறாத குழி எதனால் ஆறவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. அது புற்றாக இருந்தால் எலும்புக்குள் இறங்க வழியும் திறந்து விடும். அன்டிபயோட்டிக்கும் கொடுக்கவில்லை, காய்ச்சல், வீக்கம், சீழ் எதுவுமில்லாத இடத்தில் அது செய்வது காலத்தை வீணாக்குவது மட்டுமே.

பதினான்காம் நாள் வெள்ளைத் திட்டின் முன்பக்கம் சற்று மெலிந்திருந்தது. சிவப்புப் பகுதி அப்படியே இருந்தது. பல் இப்போது அதில் படவில்லை. உராய்வு என்ற விளக்கம் அத்துடன் முடிந்தது. மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையில் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதப்பட்டது. கடிதத்தில் நோய்ப் பெயரை ஊகிக்காமல், “சிவப்பு வெள்ளை கலந்த திட்டு, காரணம் நீக்கி 14 நாளாகியும் ஆறவில்லை, பாக்குப் பழக்கம், வாய் இறுக்கம்” என்று எழுதி, படமும் அளவும் இணைத்தார்கள். இப்படி எழுதப்பட்ட கடிதம் வரிசையில் முன்னுக்குப் போகிறது. “வாய்ப்புண், பார்க்கவும்” என்று மட்டும் எழுதிய கடிதம் அப்படிப் போவதில்லை.

முதல் பயொப்சி

தை மாதத் தொடக்கத்தில் துணுக்கு எடுக்கப்பட்டது. கிளினிக்கில் கூட்டம் அதிகம். வாய் 27 மி.மீ. மட்டுமே திறப்பதால் பின்னாலிருந்த சிவப்புப் பகுதிக்குக் கத்தி வசதியாகப் போகவில்லை. கைக்கு எட்டிய முன்பக்க வெள்ளைத் தடிப்பிலிருந்தே துணுக்கு வெட்டப்பட்டது. முடிவு வந்தபோது தோல் மேலடுக்குத் தடிப்பு, இலேசான கல மாற்றம், புற்று இல்லை என்றிருந்தது.

அந்த ரிப்போட்டில் பிழை எதுவுமில்லை. நோயியல் வைத்தியர் தன்னிடம் வந்த துணுக்கைப் பற்றித்தான் எழுத முடியும். சிக்கல், அந்தத் துணுக்கு முழுத் திட்டையும் பிரதிநிதித்துவம் செய்ததா என்பதில்தான். ஒரே வெள்ளை நிறமாக, சமமாக இருக்கும் திட்டில் எங்கு எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இராது. சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் ஒரு சென்ரிமீற்றர் தள்ளினாலே வேறு நோய் இருக்கலாம். வெள்ளைத் திட்டுகளில் பெரும்பகுதி வருடக்கணக்கில் புற்றாவதில்லை. தனிச் சிவப்புத் திட்டுகளைத் துணுக்கெடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் கடுமையான கல மாற்றமோ, புற்றோ அப்போதே இருக்கும். வெள்ளைதான் கண்ணைப் பறிக்கிறது, ஆபத்து சிவப்பில் இருக்கிறது.

வீட்டில் நிம்மதி. அதோடு வேளாண்மை வெட்டும் தொடங்கிவிட்டது. அவர் அடுத்த திகதிக்கு வரவில்லை. பதிவிலிருந்த தொலைபேசி இலக்கம் கட்டாரிலிருக்கும் மகனுடையது, யாரும் எடுக்கவில்லை. மருத்துவமாது தன் வழமையான வீட்டுச் சுற்றில் போய்ச் சொன்ன பிறகே பிரதேச வைத்தியசாலைக்கு வந்தார்.

பொருந்தாத முடிவு

பல் வைத்தியர் ரிப்போட்டை வாசித்துவிட்டு மீண்டும் அளந்தார். சிவப்புப் பகுதி இப்போது 11 மி.மீ.க்கு 8 மி.மீ.; ஓரம் சற்று உயர்ந்திருந்தது; நடுவில் மணி மணியாகச் சொரசொரப்பு; துணிச்சுருள் பட்டதும் இரத்தம் கசிந்தது. விரலால் தொட்டால், முன்பு இல்லாத கெட்டித்தன்மை அடியில் தெரிந்தது. அப்போதும் நோ இல்லை. ஆரம்பப் புற்று பெரும்பாலும் வலிக்காது. நரம்பை எட்டும்போதோ, புண்ணில் கிருமி சேரும்போதோதான் வலி தொடங்கும்; காதுக்குள் குத்துகிற வலியாக வந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

டிசம்பர் அளவும் படமும் கையில் இல்லாவிட்டால் இந்த வளர்ச்சியை யாரும் நிரூபித்திருக்க முடியாது. ரிப்போட் நல்லதென்று சொல்லி ஆறு மாதத்துக்குப் பிறகு வரச் சொல்லியிருப்பார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “துணுக்கு முன்பக்கத்திலிருந்து, மாறியிருப்பது பின்பக்கம்” என்று எழுதி, சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியிலும் சொல்லி, மறுதுணுக்குக்கு அனுப்பினார்.

இங்கே வீட்டார் தயங்கினார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். துணுக்கு எடுப்பதால் வாய்ப்புற்று பரவி ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரமில்லை. துணுக்கு எடுத்த சில மாதங்களில் புண் பெருத்துப் போனதை ஊரார் கண்டிருப்பார்கள். ஆனால் அது பெரும்பாலும் முடிவைக் கேட்கப் போகாதவர்களுடைய கதை. சத்திரசிகிச்சை வைத்தியர் இதை மருமகளிடமும் மகளிடமும் உட்கார வைத்துச் சொன்னார். பரியாரியிடம் போகக் கூடாதென்று யாரும் வாதாடவில்லை. எண்ணெய் கட்டுவதானாலும் துணுக்கின் முடிவு வந்த பிறகு பார்ப்போம் என்றதில் உடன்பட்டார்கள்.

இரண்டாவது பயொப்சி

இந்த முறை தனி நேரம் ஒதுக்கப்பட்டது. டொலுயிடின் நீலச் சாயம் பூசிக் கழுவியபோது சிவப்புப் பகுதியின் பின் பாதியில் சாயம் நின்றது. இந்தச் சாயம் புற்றென்று தீர்ப்புச் சொல்லாது, சாதாரணப் புண்ணிலும் நிற்கும். எங்கே வெட்டுவது என்று காட்ட உதவும், அவ்வளவுதான். விறைப்பு ஊசி திட்டுக்குள் போடாமல் சுற்றிப் போடப்பட்டது. உள்ளே போட்டால் திரவம் புகுந்து இழையம் கலைந்து போகும். கெட்டியான இடமும் ஓரத்து நல்ல தோலும் சேர, அடித்தோல் வரை ஆழமாக இரண்டு துணுக்குகள் எடுக்கப்பட்டன. அழுகிய நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் இறந்த கலங்கள்தான் கிடைக்கும். மேலோட்டமாகச் சுரண்டினால், புற்று கீழே இறங்கியிருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வராது. சுட்டு வெட்டும் கருவி பயன்படுத்தவில்லை. சூடு ஓரங்களைக் கருக்கிவிடும்.

துணுக்குகள் தனித்தனிப் போத்தலில், துணுக்கைப் போலப் பத்து மடங்கு அளவு 10 சதவீதப் போர்மலினில் போடப்பட்டன. போர்மலின் இல்லையென்று சேலைனிலோ ஸ்பிரிட்டிலோ போட்டு அனுப்பி வீணான துணுக்குகள் உண்டு. எந்தப் போத்தல் எந்த இடம் என்று படம் வரைந்து, முதல் ரிப்போட்டின் இலக்கமும் எழுதப்பட்டது.

முடிவு: நன்கு வேறுபட்ட செதிட்கலப் புற்று. அதாவது வாயின் மேல்தோலில் தொடங்கிய புற்று, கலங்கள் இயல்பான தோல் கலங்களை இன்னும் ஓரளவு ஒத்திருக்கும் வகை.

சிகிச்சையும் விளைவும்

மகள்தான் கூட வந்திருந்தார். என்ன நோய், எவ்வளவு பெரிது, வெட்டினால் என்ன ஆகும் என்று அம்மாவிடமே நேராகச் சொல்லப்பட்டது. அவர் கேட்ட ஒரே கேள்வி, சோறு சாப்பிட ஏலுமா என்பது.

தாடை எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லை. கழுத்து, நெஞ்சு ஸ்கானிலும் சந்தேகமானது எதுவும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. கட்டியைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் நல்ல தோலோடு வெட்டி, சொக்கைக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரளை இழுத்துக் குழியை மூடினார்கள். இறுகிய வாய்க்கு அது நன்றாகப் பொருந்துகிறது. கூர்ப்பல்லும் அப்போதே எடுக்கப்பட்டது.

கழுத்தில் நெறி எதுவும் தெரியாத நிலையில் கழுத்தையும் வெட்ட வேண்டுமா என்று வீட்டார் கேட்டது நியாயமான கேள்வி. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், ஆரம்ப வாய்ப்புற்றுக்கு முதலிலேயே கழுத்து நெறிகளை அகற்றியவர்களில் மூன்று வருடத்தின் பின் உயிரோடிருந்தோர் 80 சதவீதம். நெறி வரும்வரை காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். புற்றின் ஆழம் 3 மி.மீ.ஐத் தாண்டும் என்று மதிப்பிட்டதால் இடது கழுத்தின் மேற்பகுதி நெறிகளும் அகற்றப்பட்டன.

இறுதி அறிக்கையில் கட்டி 16 மி.மீ., ஆழம் 4 மி.மீ., நெறிகளில் புற்று இல்லை, மிகக் கிட்டிய விளிம்பு (புற்றுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையிலுள்ள தூரம்) 6 மி.மீ. 20 மி.மீ.க்கு உட்பட்ட அளவும் 5 மி.மீ.க்கு உட்பட்ட ஆழமும் சேர்ந்தால் அது முதலாம் நிலை. விளிம்பும் 5 மி.மீ.க்கு மேல் சுத்தமாக இருந்ததால் கதிர்ச் சிகிச்சை தேவைப்படவில்லை. கதிர் பட்டிருந்தால் வாய் இன்னும் இறுகியிருக்கும், உமிழ்நீரும் வற்றியிருக்கும். அவர் தப்பியது அதிலிருந்தும்தான்.

சோறு குழைத்துச் சாப்பிட மூன்று வாரமாயிற்று. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்து, நாளைக்கு ஐந்தாறு தடவை, வாரத்துக்கொரு குச்சி கூட்டும் பயிற்சி சொல்லிக் கொடுக்கப்பட்டது. செய்யாமல் விட்டால் புதுத் தழும்பும் பழைய இறுக்கமும் சேர்ந்து வாய் பூட்டிக்கொள்ளும். இப்போது திறப்பு 30 மி.மீ. கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின் தோள் தூக்கும் பயிற்சியைச் சொல்லத் தாமதமானது. இடது கை தலைக்கு மேல் முழுதாக எழாமல் சில மாதம் கஷ்டப்பட்டார்.

வெற்றிலையை விடுவது மற்ற எல்லாவற்றையும் விடச் சிரமமாக இருந்தது. பாக்குக்கு அடிமைத்தனம் உண்டு. நிறுத்திய முதல் வாரத்தில் தலையிடி, எரிச்சல், உறக்கமின்மை எல்லாம் வந்தன. கராம்பும் ஏலக்காயும் வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். உண்மையில் உதவியது மருமகளும் சேர்ந்து விட்டதுதான். வெற்றிலைத் தட்டம் வீட்டிலிருந்தால் ஒருவர் மட்டும் விட முடியாது. மருமகளின் வாயையும் பார்த்தபோது 30 வயதிலேயே சொக்கையில் பட்டிகள் தொடங்கியிருந்தன. திட்டு எதுவும் இல்லை.

மாற்றியவை

இரண்டு வாரம் பொறுத்திருந்தது முறைப்படி சரியே. ஆனால் சத்திரசிகிச்சைப் பிரிவில் திகதி கிடைக்கவும் வாரங்கள் ஆகின்றன. எனவே சிவப்புக் கலந்த திட்டு என்றால் இப்போது முதல் நாளே கடிதமும் போகிறது. பதினான்காம் நாள் ஆறியிருந்தால் அந்தத் திகதியை இரத்துச் செய்கிறார்கள். தொட்டால் கெட்டியாக இருக்கும் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு, கழுத்து நெறி இருந்தால் பதினான்கு நாள் காத்திருப்பதே இல்லை.

கடிதத்தின் வாய்ப்படத்தில் துணுக்கு எடுக்க வேண்டிய இடம் சிவப்புப் பேனாவால் குறிக்கப்படுகிறது. வாய் 30 மி.மீ.க்குக் குறைவாகத் திறந்தால் அதையும் மேலே எழுதுகிறார்கள்; நேரம் அதிகம் தேவை என்று அங்கே முன்கூட்டியே தெரியும். ரிப்போட் வந்ததும் நோயாளியை வரவழைத்து, வாயையும் ரிப்போட்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே பதிவு மூடப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மறுதுணுக்கு.

தொலைபேசி இலக்கம் இரண்டு வாங்கப்படுகிறது. ஒன்று கட்டாயம் ஊரில் இருப்பவருடையது. இது சின்ன விசயமாகத் தெரியலாம். சுகாதார ஊழியர்கள் வாயைப் பார்த்து ஆளை அனுப்பும் முறை 1980களிலேயே இலங்கையில் பரீட்சிக்கப்பட்டது. ஊழியர்களால் திட்டுகளைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஆனால் அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் அடுத்த இடத்துக்குப் போகவில்லை. வெட்டுக் காலத்தில் திகதி கொடுத்தால் இங்கேயும் அதுவே நடக்கும். மாசி, பங்குனியில் திகதி விழுந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இப்போது மருத்துவமாதுக்குப் போகிறது.

எல்லாருடைய வாயையும் பார்க்க ஆளும் நேரமும் இல்லை, தேவையும் குறைவு. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கி 2005 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்ததால் வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையேதான். அதனால் சர்க்கரைக் கிளினிக்கில் வெற்றிலை சப்புபவர்களையும் புகைப்பவர்களையும் முதலில் பிரித்து, வாய் கழுவவைத்துப் பார்க்கிறார்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் கோப்பையும் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் முதல் வருடம் மாதத்துக்கு ஒரு தடவையும், இரண்டாம் வருடத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும் வருகிறார். வலது சொக்கையும் அதே பாக்கில் ஊறியதுதான். அங்கே புதிதாக ஒன்று வர வாய்ப்பிருப்பதால் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தை முதலில் பார்க்கிறார்கள். கடைசியாக வந்தபோது வலது வாய்க்கோணத்துக்கு அருகே 4 மி.மீ. அளவில் மெல்லிய வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. படமெடுத்து, அளவு எழுதி, பதினான்காம் நாளுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள், கடிதமும் போயிருக்கிறது.